பாத்திரம் போக மிச்சம்

மாமனாரின் தட்டில் விழுந்த சோறு தராசில் நூற்று எழுபத்து நான்கு கிராம் காட்டியது. எடைமேடைக்காரர் முகத்தைச் சுளித்தார். கரண்டி நுனியால் ஒரு பொட்டுச் சோற்றைக் கிள்ளி எடுத்துத் திரும்பவும் பாத்திரத்தில் போட்டார். எண் நூற்று எழுபத்தொன்றுக்கு இறங்கி நின்றது. முப்பது டன் லாரியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டு, "இப்ப சரி. சாப்பிடுங்க மாமா," என்றார். மாமா எழுந்து வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். நாலு வாயில் தட்டு காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வாயையும் ஆற அமர மென்றார்.

எடைமேடைக்காரரின் மனைவி கழுவுதொட்டி பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கிராம் சோறு. எறும்பு இழுத்துக்கொண்டு போனால்கூட ஒருத்தரும் கண்டுகொள்ளாத அளவு. அவளுடைய அப்பா தட்டிலிருந்து அதை எடுக்க ஒரு மனிதனுக்குக் கை வருகிறதே என்று நினைத்தாள். நாளைக்கு, தான் வேலை பார்க்கும் கடையில் சொல்லிச் சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்தது என்று மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் கணவனைத் திருத்துவதைவிட அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்பது சுலபம் என்று அவள் எப்போதோ கண்டுபிடித்திருந்தாள்.

அவருக்கு வேலை நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக லாரி எடை போடுகிறார். வெறும் லாரியை ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு. மனுஷப் பிறவி தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. வெறும் லாரி நிற்கும்போது டிரைவர் கல்லைத் தூக்கி உள்ளே போட்டு வைப்பது, சரக்கோடு வரும்போது தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது என்று எல்லாத் தில்லுமுல்லும் அவருக்கு அத்துப்படி. "என்கிட்டயா?" என்பதுதான் அவர் அதிகம் பேசிய வார்த்தை. தெருவில் அவருக்கு 'என்கிட்டயா' என்றே பெயர். அது அவருக்குத் தெரியாது.

இரண்டு மாதம் முன்னால் டாக்டர், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, பத்து கிலோ குறைத்துவிடுங்கள் என்று சொன்னார். வேறு ஆளாக இருந்தால் காலையில் எழுந்து நடப்பான், இரண்டாவது டீயை விடுவான். இவர் ஒரு சமையலறைத் தராசு வாங்கினார். கலோரிப் புத்தகம் ஒன்று வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாக எடை போட்டு, அடியில் கறுப்புப் பெயிண்டில் எண் எழுதினார். சோற்றுப் பாத்திரம் நானூற்று இருபது. பருப்புப் பாத்திரம் முந்நூற்றுப் பத்து. வாணலி தொள்ளாயிரத்துச் சொச்சம். தட்டுகளையும் கவிழ்த்தபோதுதான் அவள் குறுக்கே வந்தாள்.

"சாப்பிடுற தட்டுல பெயிண்ட் பட்டுச்சு, தட்டோட சேத்து உங்களையும் வெளிய வெச்சிடுவேன்."

தட்டுகள் தப்பித்தன.

அவருடைய முறை இதுதான். வேகாத அரிசியை எடை போட்டு, அதில் மொத்தம் எத்தனை கலோரி என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார். சோறு வெந்ததும் குக்கரிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி எடை போடுவார். பாத்திரத்தைக் கழித்துவிட்டு, மொத்தக் கலோரியை அதால் வகுப்பார். கிராமுக்கு இத்தனை என்று வந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு நானூறு கலோரிச் சோறு. அப்படியானால் எத்தனை கிராம்? அதைத் தட்டில் நிறுத்துப் போடுவார். பருப்புக்கும் அப்படி, கிழங்குக்கும் அப்படி. சர்க்கரை அவருக்குத்தான், ஆனால் அளவு மூன்று பேருக்கும். "ஒரே எடைமேடையில லாரிக்கு ஒரு சட்டம், டிராக்டருக்கு ஒரு சட்டமா?" என்றார். எழுபத்திரண்டு வயது மாமனாரை டிராக்டர் என்று சொன்னாரா, லாரி என்று சொன்னாரா என்று அவள் அன்றைக்குக் கடையில் சொல்லிக் கேட்டாள். கடையே சிரித்தது.

அவள் வேலை பார்ப்பது முந்திரி, திராட்சை, பருப்பு வகைகளைப் பொட்டலம் போடும் கடையில். பொட்டலம் கட்டும்போது உடைந்த முந்திரி தனியாக ஒரு கிண்ணத்தில் சேரும். அது பெண்களுக்கு. மதியம் ஒரு கைப்பிடி, சாயந்திரம் கிளம்பும்போது ஒரு கைப்பிடி. கைப்பையின் அடியிலும் ஒரு சின்னப் பொட்டலம் எப்போதும் கிடக்கும். ஆகவே கணவன் நடத்திய இந்தக் கூத்தில் அவளுக்குப் பசி என்ற பேச்சே எழவில்லை. தராசுப் பக்கம் அவர் அவளை விட்டதுமில்லை. "நீ கால் கிலோ, அரைக் கிலோ பாக்குறவ. இது வேற," என்றார். சரிதான் போ என்று அவர் பாத்திரத்தோடு எடை போடும் நேரத்தில் அவள் துணி மடிக்கப் போய்விடுவாள், தட்டில் விழும்போதுதான் வருவாள்.

முதல் வாரம் சோறு நூறு கிராமுக்கு நூற்று எண்பத்தெட்டு கலோரி என்று வந்தது. புத்தகத்தில் நூற்று முப்பது என்று போட்டிருந்தது. எடைமேடைக்காரர் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இத எழுதுனவன் நம்ம வீட்டுச் சோத்த எடை போட்டானா?" எல்லோரும் சாப்பிட்ட பிறகும் பாத்திரத்தில் மிஞ்சியது. "பாத்தியா, இத்தன வருஷமா எவ்வளவு அதிகமா சமைச்சிருக்கே!" என்று அரிசியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள். சோறு இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அப்போதும் மிஞ்சியது. இன்னும் குறைத்தாள். இருநூற்று முப்பத்து மூன்று. அரிசி அதே அரிசி, அடுப்பு அதே அடுப்பு. சமைக்கிற அளவு குறையக் குறைய சோற்றில் சத்து மட்டும் ஏறிக்கொண்டே போனது. "பொல்லாத அரிசியா இருக்கே இது," என்று அவர் பயபக்தியோடு மூட்டையைத் தடவிப் பார்த்தார். கடை மாற்றி வேறு அரிசி வாங்கினார். அதுவும் பொல்லாததாகவே இருந்தது. மிச்சச் சோற்றை அவள் ஒரு டப்பாவில் போட்டுக் கீழே காவலாளிக்குக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் எடை ஏறியது அவன் ஒருவனுக்குத்தான்.

ஆனால் முறை பலித்ததே! எட்டு வாரத்தில் எடைமேடைக்காரர் ஏழு கிலோ குறைந்துவிட்டார். கன்னம் உள்ளே போய், கழுத்து நீண்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி ஆனார். அதற்கு நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள். மாடிவீட்டு வங்கிக்காரர் தன் வீட்டுப் பாத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "எங்களுக்கும் நம்பர் எழுதிக் குடுங்க சார்," என்றார். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி மூன்று பேரின் எடையையும் வாராவாரம் எழுதினார். அவர் எடை குறைந்தது. மாமனார் எடை குறைந்தது. மனைவியின் எடை இருந்த இடத்தில் இருந்தது. "பொம்பளங்க உடம்பு மெதுவாத்தான் கேக்கும்," என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அவள் அதையும் கடையில் சொன்னாள்.

கீழ்வீட்டுத் தையல்காரி அவளை நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். தையல்காரியின் கண் ஊசி கோர்க்க மட்டும் மங்கல். மற்றதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

"ஏன் தங்கச்சி, உங்கப்பா பேண்ட் ரெடி. நீயே எடுத்துட்டுப் போறியா?"

"என்ன பேண்ட், அக்கா?"

"அட, உனக்குத் தெரியாதா? மூணு பேண்ட். இடுப்புல நாலு இன்ச் பிடிச்சிருக்கேன். சின்னப் பசங்க வளந்துட்டாங்கன்னு பிரிச்சு விடத்தான் எங்கிட்ட வருவாங்க. இந்த வயசுல பிடிக்கச் சொல்லி வந்தது உங்கப்பாதான்." தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "உங்கிட்டச் சொல்ல வேணாம்னாரு. நான் ஏன் சொல்லப் போறேன்? ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறாராமே, அதுக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. உங்கண்ணன் வீட்டுக்கா? அங்க அந்த சோபாலதான படுப்பாரு பாவம்?"

அப்பா ஊருக்குப் போவது அவளுக்கே தெரியாது. பேண்ட்களை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். நாலு இன்ச் துணி உள்பக்கமாக மடிந்து தடிப்பாகத் தட்டுப்பட்டது. அண்ணன் வீடு என்பது ஒரே அறை. அண்ணி கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே பாதி பேச்சைப் பேசிவிடுவாள். அம்மா போன பிறகு அங்கே நாலு மாதம் இருந்துவிட்டு, ஒரு பையோடு இங்கே வந்து சேர்ந்தவர் அப்பா. இந்த வீட்டை விட்டால் அவருக்கு அந்த சோபாதான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். நின்றே பழகியவர் என்பதாலோ என்னவோ, எந்த வீட்டிலும் முழு நாற்காலியில் உட்கார மாட்டார். அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த பேண்ட்களைப் பார்த்ததும் திருட்டுத்தனம் பிடிபட்ட பையனைப் போலச் சிரித்தார்.

"அந்த அம்மா வாயில எதுவும் தங்காதுன்னு தெரிஞ்சும் குடுத்தேன் பாரு."

"எதுக்குப்பா போறீங்க?"

"சும்மா, உங்கண்ணன் கூப்பிட்டான்."

"அண்ணனாவது, உங்களக் கூப்பிடுறதாவது. நெசத்தச் சொல்லுங்க."

அப்பா கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. "மாப்பிள்ள தங்கமான மனுஷன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. வந்த புதுசுல தட்டு நெறையப் போட்டாரு. அப்புறம் கொஞ்சம் கொறஞ்சுது. அப்புறம் இன்னும் கொஞ்சம். போன வாரம் போட்டதுலருந்தே எடுத்தாரு." ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டார். "முப்பது வருஷம் அடுத்தவங்கள எறக்கி விட்டவன்மா நான். எனக்கு எறங்குற எடம் தெரியாதா?"

"ஐயோ அப்பா! அவருக்கு அவ்வளவு புத்தியெல்லாம் கெடயாது!"

அதுதான் அவள் வாயில் முதலில் வந்தது. அப்பா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை அப்படிப் பேசாதே என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். சட்டைக்குள் அவர் தோள் இரண்டும் துணி காயப்போடுகிற கம்பி மாதிரி தெரிந்தன. எட்டு வாரமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

எடைமேடைக்காரர் ஏழரைக்கு வந்தார். கைகால் கழுவினார். நோட்டு, பேனா, தராசு மூன்றையும் மேடையில் எடுத்து வைத்தார். அவள் துணி மடிக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"என்ன இன்னிக்கு?" என்றார்.

"போடுங்க. பாக்குறேன்."

ஆள் பார்க்கிறது என்றதும் அவருக்குக் கொஞ்சம் கெத்து ஏறியது. சோற்றுப் பாத்திரத்தைத் தராசில் வைத்தார். நானூற்று இருபது காட்டியது. "எடைமேடையில மொத பாடம் என்ன தெரியுமா? திரையில ஜீரோ இல்லாம எடை எடுக்கக் கூடாது," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். ஜீரோ வந்தது. குக்கரிலிருந்து சோற்றை அதில் கொட்டினார். தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. நோட்டில் அதை எழுதினார். அதற்குக் கீழே, அச்சடித்த மாதிரி அழகான கையெழுத்தில், 'பாத்திரம் 420' என்று எழுதினார். கோடு போட்டார். கழித்தார். ஐந்நூற்று இருபத்தைந்து.

பொட்டலக் கடையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அவள் அந்தப் பொத்தானை அழுத்துகிறாள். காலிக் கவரை வை, ஜீரோ அழுத்து, முந்திரியைக் கொட்டு. கவரின் எடையை ஒருத்தியும் எழுதிக் கழித்ததில்லை. முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கே தெரிகிற விஷயம்.

"இருங்க. இப்ப ஏன் கழிச்சீங்க?"

"பின்ன, பாத்திரத்தயும் சேத்தா திங்கப்போற?"

"பாத்திரத்த வெச்சுத்தான ஜீரோ அழுத்துனீங்க?"

"ஆமா."

"அப்ப அதுவே பாத்திரத்தக் கழிச்சிருச்சே."

எடைமேடைக்காரர் சிரித்தார். "என்கிட்டயா? இருபத்திரெண்டு வருஷம். காலி எடையக் கழிக்காம ஒரு சீட்டு குடுத்ததில்ல நான். நீ பொட்டலம் கட்டுறதுல வந்து..."

அவள் இன்னொரு பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்து அவரிடம் காட்டினாள். அடியில் முந்நூற்றுப் பத்து என்றிருந்தது. சோற்றை இறக்கி வைத்துவிட்டு அந்தக் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"என்ன காட்டுது?"

"ஜீரோ."

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்ல."

"எழுதுங்க. உங்க முறப்படி எழுதிக் கழிங்க."

பழக்க தோஷம், கை தானாக எழுதியது. பூஜ்யம். கீழே முந்நூற்றுப் பத்து. கோடு. பேனா அங்கேயே நின்றது.

"எழுதுங்க, மைனஸ் முன்னூத்துப் பத்து. வெறும் பாத்திரத்துக்குள்ள மைனஸ் முன்னூத்துப் பத்து கிராம் பருப்பு. அதத்தான் எட்டு வாரமா எங்கப்பா தின்னுட்டு இருக்காரு. அரிசி பொல்லாத அரிசியாம்! மூட்டையத் தடவிப் பாத்தாராம்! லாரிக்காரன் எவனும் உங்கள ஏமாத்த வேணாம். நீங்களே போதும். அந்தத் தட்டுல நான் பெயிண்ட் அடிக்க விட்டிருந்தா அதுலயும் கழிச்சுக் கழிச்சுத் தப்புக்குத் தப்பு சரியாயிருக்கும். என் புத்தி, அதயும் கெடுத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "உள்ள பையக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. ஞாயித்துக்கிழம அண்ணன் வீட்டுக்குப் போறாராம். மாப்பிள்ள போகச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டாரு. நீங்க அளந்து போட்டது அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கு."

எடைமேடைக்காரர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மொத்தக் கலோரியைத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தால் வகுத்தார். இரண்டு தடவை வகுத்தார். நூறு கிராமுக்கு நூற்று முப்பது வந்தது. புத்தகத்தில் இருந்த அதே எண். பிறகு முன்பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். எட்டு வாரம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. கைகால் கழுவின ஈரம் இன்னும் காயாத கையில் கடிகாரம் முழங்கை வரைக்கும் நழுவிக் கிடந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நானும் அதத்தான சாப்பிட்டேன்," என்றார்.

"என்ன?"

"மாமாவுக்குப் போட்டதத்தான் எனக்கும் போட்டேன். ஒரு கிராம்கூட அதிகமில்ல. கூண்டுல உக்காந்திருக்கும்போது ரெண்டு தடவ கண்ணு இருட்டுச்சு. முறை வேல செய்யுதுன்னு நெனச்சேன்." தலையைத் தூக்கிச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். மூன்று வரிசை எண்கள். "நீயும் அதேதான சாப்பிட்டே? உனக்கு மட்டும் ஏன் கொறயல?"

அவள் கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க அவள் பெரும்பாடு பட்டாள். பசித்திருந்தால் முதல் வாரமே நின்று பார்த்திருப்பாள். ஒரு நிமிஷ வேலை. ஒரு தடவை இந்த மேடை ஓரம் நின்றிருந்தால் போதும். எட்டு வாரம் கடையில் சிரித்ததெல்லாம் ஒரு கைப்பிடி முந்திரியை வாயில் போட்டுக்கொண்டுதான் என்பது நினைவுக்கு வந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார். முட்டாள், ஆனால் கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டுவிட்டான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சோறு ஆறுது," என்றாள்.

அவர் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். தராசு மேடையிலேயே இருந்தது. அவள் பருப்பையும் ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அப்பா பையின் ஜிப்பைப் பாதி இழுத்த நிலையில் எழுந்து நின்றார்.

"உக்காருங்க மாமா."

"தட்டு வாங்க நானே வரேன் மாப்பிள்ள, நீங்க எதுக்கு..."

"உக்காருங்க மாமா." இருபத்திரண்டு வருஷம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீட்டு நீட்டியவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "கணக்குல ஒரு தப்பு. பாத்திரத்த ரெண்டு தடவ கழிச்சுட்டேன்," என்றார். அப்பா மகளைப் பார்த்தார். பாத்திரத்துக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

எடைமேடைக்காரர் ஒரு கரண்டி போட்டார். நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கரண்டி. மூன்றாவது. இத்தனை என்று சொல்ல எதிரே திரை இல்லாததால் அவர் கை எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அவள் பருப்பை ஊற்றினாள். அப்பா பிசைந்தார். மெல்லாமல் விழுங்கினார். மறுபடி பிசைந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் சாப்பிடுகிற மாதிரியும் இருந்தது, இனி எங்கும் போக வேண்டாதவர் சாப்பிடுகிற மாதிரியும் இருந்தது. காலருகே பை பாதி வாய் திறந்து கிடந்தது. நாலாவது கரண்டிக்கு மருமகன் குனிந்தபோது பாத்திரத்தின் அடி தட்டியது. ஓரத்தையெல்லாம் வழித்துச் சேர்த்துப் போட்டார். அவருக்கும் அவளுக்கும் என்று ஒரு பருக்கை மிச்சமில்லை.

அப்பா அதையும் முடித்தார். விரலை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. இடது கையின் ஒற்றை விரலால், யாரோ செய்வது போல, இன்னும் கேட்டுத் தட்டைக் காலிப் பாத்திரத்தின் பக்கம் ஒரு அங்குலம் தள்ளி வைத்தார்.